எல்லை தாண்டும் அறிவியல் வகுப்பு: எந்தக் கூட்டு எதற்கு உதவும்?

வெளிநாட்டுப் பள்ளியுடன் சேர்ந்து அறிவியலையும் சூழலியலையும் செய்முறையாகக் கற்பிக்க விரும்பும் பள்ளியின் முன் முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன. உலகளாவிய அளவீட்டுத் திட்டமொன்றில் சேரலாம்; பசுமைப் பள்ளிச் சான்றுக்கு முயலலாம்; ஆசிரியர்களை இணைக்கும் வலையமைப்பில் கூட்டுத் திட்டம் தொடங்கலாம்; இடையில் எந்த அமைப்பும் இல்லாமல் இன்னொரு பள்ளியுடன் நேரடியாகக் கைகோக்கலாம். அறிமுகக் கையேடுகளைப் படித்தால் நான்கும் ஏறத்தாழ ஒன்றையே வாக்களிப்பதாகத் தோன்றும். இவற்றைப் பிரித்தறிய நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன்: மறுமுனைப் பள்ளி நாளையே விலகிவிட்டால் நம் மாணவர்களின் ஆய்வு நின்றுபோகுமா? நிற்காது என்றால், அத்திட்டம் மற்ற வகைகளில் சிறந்ததாக இருக்கலாம்; ஆனால் அதைக் கூட்டாண்மை என்று அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அளவீட்டுத் திட்டங்களில் மிக வலுவானது குளோப். 1994ஆம் ஆண்டின் புவி நாளன்று அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் அறிவித்து, அடுத்த ஆண்டின் புவி நாளில் செயல்படத் தொடங்கிய இத்திட்டத்தில், நாசாவின் ஆதரவுடன், 120க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்கின்றன. வளிமண்டலம், நீர், மண், உயிர்க்கோளம் என ஒவ்வொரு துறைக்கும் அளவீட்டு முறைகள் வரிவரியாக வகுக்கப்பட்டுள்ளன. வெப்பமானி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், வெள்ளை பூசிய கூண்டுக்குள் இருக்க வேண்டும். நேரடி வெயில் படாதபடி கூண்டின் கதவு வட அரைக்கோளத்தில் வடக்கையும் தென் அரைக்கோளத்தில் தெற்கையும் நோக்க வேண்டும். அன்றாட உச்ச, தாழ் வெப்பநிலைகளை உள்ளூர்ச் சூரிய நண்பகலையொட்டிய, அதாவது அவ்விடத்தில் சூரியன் மிக உயரத்தில் இருக்கும் நேரத்தையொட்டிய, ஒரு மணி நேரத்துக்குள் குறிக்க வேண்டும். கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் சூரியனின் நண்பகலும் ஒன்றல்ல என்பதை ஒரு மாணவர் பாடநூலில் படிப்பதைவிட இந்த விதியைப் பின்பற்றும்போது தெளிவாக உணர்கிறார். கடுமையாகத் தோன்றும் இந்த விதிகள்தான் இரு கண்டங்களில் எடுத்த எண்களை ஒரே வரைபடத்தில் வைக்க நமக்கு உரிமை தருகின்றன.

மேக நோக்கீடு இத்திட்டத்தின் இன்னொரு சிறப்பு. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தையொட்டி மாணவர்கள் வானத்தைப் பார்த்து மேகங்களின் வகையையும் பரப்பையும் பதிவு செய்தால், அதே நேரத்தில் செயற்கைக்கோள் கண்டது என்ன என்ற ஒப்பீடு மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் உயர்மேகத்தின் அடியில் மறைந்திருக்கும் தாழ்மேகம் அதற்குத் தெரியாமல் போகலாம்; தரையில் நிற்கும் மாணவருக்கு அதுவே கண்ணெதிரே இருக்கும். இதற்குக் கண்ணும் பொறுமையும் போதும், விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

இவ்வளவு பாராட்டியும் என் கேள்வியில் குளோப் தடுமாறுகிறது. தரவு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மையத் தளத்துக்குப் போகிறது. பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே அது தானாகப் பாய்வதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் இணையவழி மாணவர் கருத்தரங்கு போன்ற வாய்ப்புகள் உண்டு என்றாலும், ஆசிரியர் முனைந்து தேடாவிட்டால் ஓர் ஆண்டு முழுவதும் வெப்பநிலையைப் பதிவிட்ட வகுப்பு வேறொரு நாட்டு மாணவர் ஒருவரோடுகூடப் பேசாமலே ஆண்டை முடித்துவிடும். நாடே உறுப்பினராக இருக்க வேண்டும், ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருக்கின்றன.

பசுமைப் பள்ளிச் சான்றுகளில் பரவலானது ஈகோ ஸ்கூல்ஸ். 1992 ரியோ புவி மாநாட்டின் தொடர்ச்சியாக உருவாகி 1994இல் தொடங்கிய இதைக் கோபன்ஹேகனில் தலைமையகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்விக்கான அறக்கட்டளை நடத்துகிறது. மாணவர் குழு அமைப்பதில் தொடங்கி, வளாகத்தைத் தணிக்கை செய்து, செயல்திட்டம் வகுத்து, விளைவைக் கண்காணிக்கும் ஏழு படிகளைக் கடந்தால் பச்சைக் கொடி கிடைக்கும். மின்கணக்கீட்டு மானியை வாரந்தோறும் படிப்பதும், குப்பையை வகை பிரித்து எடை போடுவதும் உண்மையான செய்முறைக் கல்விதான். நிர்வாகத்தையும் பெற்றோரையும் ஈடுபடுத்த இதைவிட எளிய வழி இல்லை; சுவரில் மாட்ட ஒரு கொடி கிடைக்கும் என்றால் நிர்வாகங்கள் காட்டும் ஆர்வமே தனி. ஆனால் வேலை முழுவதும் வளாகச் சுவருக்குள் நடக்கிறது. பன்னாட்டுத் தன்மை கொடியில் இருக்கிறதே தவிர ஆய்வில் இல்லை.

ஆசிரியர் வலையமைப்புகளில் ஐஎர்ன் 1988இல் நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் கணினிவழி இணைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. இட்வின்னிங் 2005இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கியது. கட்டணமில்லை, ஆனால் ஐரோப்பாவுக்கும் அதையொட்டிய சில நாடுகளுக்கும் மட்டுமே உரியது. இரண்டின் பலமும் மனிதர்கள்தான்: மறுமுனையில் பெயரும் முகமும் உள்ள ஓர் ஆசிரியர் கிடைக்கிறார். பலவீனம், அறிவியல் எளிதில் நீர்த்துப்போவது. ஆற்று நீர் பற்றித் தொடங்கிய திட்டம் ஆறுகளைப் பற்றிய ஓவியப் பரிமாற்றமாக முடிவது அபூர்வமன்று. ஓவியம் நல்லதே, அதற்கு அறிவியல் வகுப்பின் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. யுனெஸ்கோவின் இணைப் பள்ளிகள் வலையமைப்பு 1953 முதல் இயங்குகிறது என்றாலும், அதன் அக்கறை அமைதி, பண்பாடு, நீடித்த வளர்ச்சி என விரிவது. ஆய்வக வேலைக்காக அதை நாடுவதில் பொருளில்லை.

நேரடிக் கூட்டுதான் என் கேள்விக்கு முழுமையாக விடை சொல்லக்கூடியது, ஆய்வுக்கான கேள்வியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். மீன் முதலிய நீர்வாழ் உயிர்கள் சுவாசிக்கும், நீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த நாட்டுப் பள்ளி 10 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஆற்றில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்று அளக்கிறது. வெப்ப நாட்டுப் பள்ளிக்கு 30 டிகிரியில் 7.2 மில்லிகிராம் கிடைக்கிறது. முதல் ஆறே நலமானது என்று இரு வகுப்புகளும் முடிவு கட்டும். ஆனால் கடல்மட்ட அழுத்தத்தில் நன்னீர் 10 டிகிரியில் சுமார் 11.3 மில்லிகிராமும் 30 டிகிரியில் சுமார் 7.6 மில்லிகிராமும்தான் ஏற்கும். எனவே முதல் ஆறு, அந்த வெப்பநிலையில் நீர் ஏற்கக்கூடிய நிறைவளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலும் இரண்டாவது 95 விழுக்காட்டிலும் இருக்கின்றன, முடிவு தலைகீழாகிறது. ஒரே ஆற்றை மட்டும் அளக்கும் வகுப்புக்கு இந்தச் சிக்கலே எழாது, ஆகவே அதிலிருந்து கற்கவும் வாய்ப்பில்லை.

நேரடிக் கூட்டின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போனால் அத்துடன் எல்லாம் முடிந்துவிடும். தலைமையாசிரியர்கள் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படத்தோடு உயிர்விட்ட கூட்டுகள் ஏராளம். இரு அரைக்கோளங்களின் விடுமுறைகள் பொருந்துவதில்லை. மண்ணையோ விதையையோ அஞ்சலில் அனுப்புவதைப் பல நாடுகளின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்கள் தடுக்கின்றன, ஆகவே எல்லை தாண்ட வேண்டியது தரவு மட்டுமே. மாணவர்களை அனுப்பிவைக்கும் பரிமாற்றப் பயணங்களை நான் இந்த ஒப்பீட்டில் தனி வழியாகச் சேர்க்கவில்லை: செலவு மிகுதி, பயன்பெறுவோர் சிலர், சூழல் கல்விக்காக வானூர்தியில் பறப்பதன் முரணையும் மாணவர்களே கேட்டுவிடுவார்கள்.

ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் குறைந்த பணமும் மட்டுமே உள்ள பள்ளிக்கு என் பரிந்துரை ஒரு கலவை: துணைப் பள்ளியை வலையமைப்பில் தேடிக்கொண்டு, அளவீட்டு முறைகளைக் குளோப் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் கையேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டு, வேலையை நேரடியாக நடத்துவது. நிர்வாகத்தின் ஆதரவே இல்லாத இடத்தில் மட்டும் பச்சைக் கொடியை முதலில் வைப்பேன்.

முதல் ஆய்வுக்கு, நிழலைக் கொண்டு புவியின் சுற்றளவைக் கணித்த பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் முறையைவிடப் பொருத்தமானதை நான் அறியேன். இரு பள்ளிகளும் ஒரே நாளில், அவரவர் சூரிய நண்பகலில், செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்கின்றன. நிழலின் நீளத்திலிருந்து சூரியன் உச்சியிலிருந்து விலகிய கோணத்தைக் கணக்கிட்டு, இரு கோணங்களின் வேறுபாட்டையும் பள்ளிகளுக்கிடையேயான வடக்கு-தெற்குத் தூரத்தையும் கொண்டு புவியின் சுற்றளவை அடைகின்றன. ஒரு பள்ளியில் நிழல் வடக்கேயும் மற்றதில் தெற்கேயும் விழுந்தால் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். மறுமுனையிலிருந்து எண்ணோடு திசையும் வந்தால்தான் கணக்கு முடியும். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டு எழுதுவதே இரு வகுப்புகளுக்கும் இடையிலான முதல் உண்மையான கடிதமாக இருக்கும்.