கேரேஜை ரூமா மாத்தித் தந்த டீம் பத்தி ஒரு ரிவ்யூ

கேரேஜை ரூமா மாத்துற வேலையை ஒரு சின்ன டீம்கிட்ட கொடுத்தோம், இப்ப அம்மா அந்த ரூம்லதான் இருக்காங்க, வேலை எனக்கு ரொம்பத் திருப்தி. சுவரு, லைட்டு எல்லாம் அழகாத்தான் இருக்கு ஆனா நான் இவ்ளோ தூரம் டைப் பண்றதுக்குக் காரணம் தரை.

விலை கேட்கக் கூப்பிட்ட மத்தவங்க எல்லாரும் சுவரைப் பார்த்துட்டு போன்ல டிசைன் காட்டினாங்க. இவங்க வந்ததுமே குனிஞ்சு தரையில ரசமட்டம் வச்சாங்க. கார்ல இருந்து சொட்டுற தண்ணி வெளிய ஓடணும்னு கேரேஜ் தரையைப் பொதுவா கதவுப் பக்கம் லேசா சரிவாத்தான் போட்டிருப்பாங்க, வீட்டுத் தரையை விட தாழ்வாவும் இருக்கும், அது மேலயே மரத்தரையை ஒட்டிட்டா பீரோ கதவு தானா திறந்துக்கும், கட்டில் ஒரு பக்கம் சாஞ்சு நிக்கும். அதை விடப் பெரிய பிரச்சனை ஈரம். நிறைய பழைய கேரேஜ்ல கான்கிரீட்டுக்கு அடியில ஈரத்தைத் தடுக்கிற ஷீட்டே போட்டிருக்க மாட்டாங்க. இவங்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி தரையில ஒரு நாள் முழுக்க விட்டுட்டு அப்புறம் பிரிச்சாங்க, அடியில தண்ணி முத்து முத்தா நிக்குது, கான்கிரீட்டும் கருத்துப் போயிருந்துச்சு. பார்க்க நல்லா காய்ஞ்ச தரைங்க அது! காருக்கு அது ஒரு விஷயமே இல்ல, மனுஷன் படுத்துத் தூங்குற ரூமுக்கு அப்படி விட முடியுமா?

அப்புறம் எண்ணெய்க் கறையை மெஷின் வச்சுத் தேய்ச்சு எடுத்தாங்க (கறை மேல பசை பிடிக்காது), சரிவை சமன் பண்ணி, ஈரத்தடுப்பு ஷீட்டை சுவர் மேல கொஞ்சம் ஏத்தி விரிச்சு, அதுக்கு மேல இன்சுலேஷன் போர்டு, கடைசியாத்தான் தரை. இப்படி அடுக்கடுக்கா ஏத்தும்போது சீலிங் உயரம் குறையும், அதை முன்னாடியே அளந்து 7 அடிக்குக் கீழ போகாம பார்த்துக்கிட்டாங்க.

ஷட்டரை எடுத்த இடத்துலயும் அவசரப்படல. ஷட்டர் இருந்த வாசலுக்கு அடியில சரியான அஸ்திவாரம் இருக்கும்னு நம்ப முடியாதுன்னு தோண்டிப் பார்த்துட்டு, புதுசா அஸ்திவாரம் போட்டுத்தான் சுவர் எழுப்பினாங்க. அதுல வச்ச ஜன்னலும் ஆள் வெளியேறுற அளவுக்கு இருக்கு, தீப்பிடிச்சா உள்ள இருக்கிறவங்க வெளிய வர இன்னொரு வழி வேணும்ல.

எங்க கேஸ் வாட்டர் ஹீட்டர் கேரேஜ்லதான் மாட்டியிருந்துச்சு. அதை அப்படியே ஒரு அலமாரிக்குள்ள மறைச்சுத் தந்துடுறேன்னு முன்னாடி வந்த ஒருத்தர் சொன்னார். தயவு செஞ்சு யாரும் இதுக்கு ஒத்துக்காதீங்க. எரியறதுக்குக் காத்து பத்தலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்குறவங்க எழுந்திரிக்கவே மாட்டாங்க. இந்த டீம், ஹீட்டர் ரூமுக்குள்ள இருந்தா வேலையே ஆரம்பிக்க மாட்டோம்னு நேரா சொல்லிட்டாங்க, லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு வெளிய மாத்தின பிறகுதான் கை வச்சாங்க. எனக்கு அங்கதான் முழு நம்பிக்கை வந்துச்சு.

குறை இல்லாம இல்ல. பெர்மிட் பேப்பர் வேலையை முழுக்க எங்க தலையில கட்டிட்டாங்க, வரைபடம் கேட்டு கேட்டு அலுத்துப் போச்சு. பிளக் பாயின்ட் பத்தல, கட்டில் எங்க வரும்னு கேட்டுட்டு வயர் இழுத்திருக்கலாம். வீட்டுக்கும் ரூமுக்கும் நடுவுல இருக்கிற கதவை அவங்க இருக்கிற வரைக்கும் மூடி வைக்காததால தூசி மொத்தமும் ஹாலுக்கு வந்துடுச்சு. சைக்கிள், ஏணி, பழைய பெட்டி இதெல்லாம் எங்க வைக்கிறதுன்னு இன்னும் வழி தெரியல, அது அவங்க தப்பில்ல, ஆனா ஆரம்பிக்கிறவங்க முதல்லயே யோசிச்சு வச்சுக்கோங்க.

5க்கு 4 ஸ்டார் தர்றேன். சுவரையும் தரையையும் மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க, எந்த வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு அதுல தெளிவாத் தெரியுது, பிளக் பாயின்ட் கூடுதலா போட வர்ற எலக்ட்ரீஷியனுக்கு அதைத்தான் அனுப்பி வச்சிருக்கேன்.