மறுவீடு வந்த கொன்யூர்: ஒரு பறவைத் தத்துச் சேவை பற்றிய மதிப்புரை

சென்னையில் கொன்யூர் என்னும் சிறு கிளியினப் பறவையின் குஞ்சு வாங்க விரும்புபவருக்கு வழிகளுக்குக் குறைவில்லை; கையில் ஊட்டி வளர்த்த குஞ்சுகளைச் சந்தையிலும் கடையிலும் வீட்டில் இனப்பெருக்கம் செய்பவர்களிடமும் பெறலாம். வளர்த்தவர்களால் தொடர்ந்து வைத்திருக்க முடியாமல் போன, நான்கைந்து வயதான பறவையை ஏற்றுக்கொள்ள முன்வருபவருக்கோ அணுகுவதற்கு இடமே அரிது. அப்பணியைச் செய்துவரும் ஒரு சிறிய தன்னார்வலர் குழுவின் மூலம் பச்சைக்கன்னக் கொன்யூர் ஒன்றைத் தத்தெடுத்து, அது எங்கள் வீட்டில் நிலைகொள்ளும் வரை அவர்களுடைய வழிகாட்டலையும் பெற்றேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் குழுவின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே பணியைச் செய்யும் பிற குழுக்களை அணுகுபவர்கள் எதைக் கேட்டுப் பெறவேண்டும் என்பதற்கேனும் இது பயன்படலாம்.

முதலில் அவர்களுடைய தேர்வு முறை. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியதும் பறவை கிடைத்துவிடாது. தொலைபேசியில் நீண்ட உரையாடல் ஒன்று நடக்கும். அதன் பிறகு வீட்டைக் காணொளி அழைப்பில் காட்டச் சொல்வார்கள். கேள்விகள் அனைத்தும் நம் வீடுகளை அறிந்தவர்கள் கேட்கும் கேள்விகள். கூடத்தில் மின்விசிறி ஓடும்போது பறவை வெளியே இருக்குமா, பால்கனிக் கதவுக்கு வலை அடித்திருக்கிறதா, சமையலறையில் நான்-ஸ்டிக் தவா இருக்கிறதா, கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவீர்களா, வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடும் வழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். பறவையின் நுரையீரலும் அதனோடு இணைந்த காற்றுப்பைகளும் காற்றிலுள்ளதை நம்மைவிட விரைவாக உள்வாங்குபவை. நான்-ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் ஆவி மனிதருக்குத் தெரியாமலேயே ஒரு பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இதை விளக்கிய தன்னார்வலர், இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறச் சம்மதித்தால்தான் விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்று தயங்காமல் சொன்னார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. கடையில் பறவை விற்கும் ஒருவர் நம் அடுப்படியைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எந்த வகைக் கொன்யூர் யாருக்குப் பொருந்தும் என்பதிலும் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒளிரும் சன் கொன்யூரின் படத்தைக் கைபேசியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள், அதன் அலறல் 100 டெசிபலைத் தாண்டும் என்பதை அடுக்ககத்தின் மற்ற குடித்தனக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்போதுதான் உணர்கிறார்கள். அப்படித் திரும்பக் கொடுக்கப்படும் பறவைகளை அடுக்ககவாசிகளுக்கு மீண்டும் அளிப்பதில்லை என்பது குழுவின் விதி. பச்சைக்கன்னக் கொன்யூர் அளவில் சிறியது. 60 முதல் 80 கிராம் எடையும், வாலோடு சேர்த்து ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் நீளமும் கொண்டது. அது சத்தமே போடாது என்று எண்ணவேண்டாம். விடியற்காலையிலும் மாலையிலும் கத்தும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளும் அளவில் கத்தும். பேச்சை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமே தரும். கரகரத்த குரலில் இரண்டொரு சொல் வந்தாலே பெரிது.

சட்டம் சார்ந்த பகுதியை அவர்கள் கையாண்ட விதம் குறிப்பிடத்தக்கது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், யாரேனும் பச்சைக்கிளியை ஒப்படைக்க வந்தால் குழுவினர் ஏற்பதில்லை. வனத்துறையை அணுகச் சொல்லிவிடுகிறார்கள். கொன்யூர் தென்னமெரிக்காவுக்கு உரியது. பச்சைக்கன்ன வகையின் தாயகம் பொலிவியாவும் அதை ஒட்டிய பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே பகுதிகளும். எனினும் அது பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பிற்சேர்க்கையில் இருப்பதால், 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் அதன்கீழ் 2024இல் வெளியான விதிகளும் அதற்குப் பொருந்தும். அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் நடத்தும் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். அது கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்கவேண்டும். எங்களுக்கு வந்த பறவையை வளர்த்த குடும்பம் வேலை நிமித்தம் வெளிநாடு செல்லவேண்டியிருந்தது. உடன் கொண்டுசெல்ல ஏற்றுமதி அனுமதியும் செல்லும் நாட்டின் இறக்குமதி நிபந்தனைகளும் குறுக்கே நின்றதால்தான் பறவையைக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களுடைய பதிவு முறையாக இருந்ததா என்று சரிபார்த்து, உடைமை மாற்றத்துக்கான விவரங்களை என்னோடு சேர்ந்து அமர்ந்து நிரப்பும் வரை குழுவினர் பறவையை ஒப்படைக்கவில்லை.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு பறவையோடு சேர்த்து அவர்கள் கொடுத்த சில பக்கக் குறிப்பில்தான் இருக்கிறது. பழைய குடும்பத்தினரிடம் பொறுமையாகக் கேட்டுத் தொகுத்த வரலாறு அது. எத்தனை மணிக்கு உறங்கும், எந்தக் கையில் வந்து அமரும், யாரைக் கடித்திருக்கிறது, எதைக் கண்டால் அஞ்சும், வீட்டுக்குள் யாராவது நுழைந்தால் என்ன ஓசை எழுப்பும், அதற்கு அவர்கள் எப்படி மறுமொழி கொடுப்பார்கள் என்பதுவரை அதில் இருந்தது. ஹெல்மெட்டைக் கண்டால் கூண்டின் மூலைக்கு ஓடும் என்ற ஒரு வரி இல்லாதிருந்தால், தினமும் மாலையில் ஹெல்மெட்டோடு வீட்டுக்குள் வரும் என்னை அது ஏன் வெறுக்கிறது என்று நாங்கள் மாதக்கணக்கில் குழம்பியிருப்போம். மூன்று சுரங்களில் இறங்கும் ஒரு சீழ்க்கைதான் அந்த வீட்டில் ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பதற்கான அடையாளம். அதன் ஒலிப்பதிவையும் அனுப்பியிருந்தார்கள். கூட்டமாக வாழும் இப்பறவைகள் கண்ணுக்கு எட்டாத துணையைக் குரலால் அழைத்து உறுதிப்படுத்திக்கொள்பவை. புது வீட்டில் அது விடாமல் கத்தியபோது அடுத்த அறையிலிருந்து அந்தச் சீழ்க்கையை அடித்தால் அடங்கியது. கத்தும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்திருந்தால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொண்டிருக்கும்.

குழுவினர் வலியுறுத்திய அணுகுமுறையும் இந்தக் குறிப்பை அடியொற்றியதே. முதலில் பழைய வீட்டின் நடைமுறையை, அது தவறானதாக இருந்தாலும், அப்படியே தொடரவேண்டும். பறவை இடத்துக்குப் பழகிய பிறகே ஒவ்வொன்றாக மாற்றவேண்டும். பழைய வீட்டில் இரவு பதினொரு மணிக்குத்தான் விளக்கணைத்திருக்கிறார்கள். இப்பறவைக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும் தேவை என்பதால் உறங்கும் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னுக்குக் கொண்டுவந்தோம். உணவில்தான் பெரும் பாடு. சூரியகாந்தி விதையும் தயிர்சாதமும் மாரி பிஸ்கட்டுமே அது அறிந்த உலகம். விதையை மட்டும் தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைபாடும் கல்லீரலில் கொழுப்பும் சேர்வது வழக்கம். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறனும் பறவைகளுக்கு இல்லை. ஆனால் பழகிய உணவை ஒரே நாளில் நிறுத்தினால், புதியதை உணவென்றே அறியாமல் பட்டினி கிடக்கும். ஆகவே பெல்லட் எனப்படும் தயாரித்த தீவன உருண்டைகளை விதையோடு கலந்து, விகிதத்தை வாரந்தோறும் மாற்றி, நாள்தோறும் காலையில் கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசில் எடை பார்க்கச் சொன்னார்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். நோயை வெளிக்காட்டாமல் மறைப்பது பறவையின் இயல்பு என்பதால் தராசுதான் முதலில் உண்மை சொல்லும். பரங்கிக்காய், கேரட், முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி வைத்தோம். கீரையைத் தின்பதற்கு முன் ஈர இலைகளின்மேல் புரண்டு குளித்தது. எல்லாவற்றையும்விட அதற்குப் பிடித்துப்போனது பச்சைமிளகாய். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காததால் விதையோடு மென்று தின்றுவிட்டு அடுத்ததைக் கேட்கும். அவகாடோ, சாக்லேட், வெங்காயம், காப்பி ஆகியவை எக்காரணம் கொண்டும் கூடாது.

கையில் வரவழைப்பதற்குத் தினைக்கதிரைப் பயன்படுத்தச் சொன்னார்கள். செல்லப்பிராணிக் கடையில் பளபளப்பான உறையில் இறக்குமதிச் சரக்காக விற்கும் அந்தக் கதிர் நம் ஊர்த் தினைதான். தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்களைப் பாடிய மொழியில் பிறந்துவிட்டு, கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளியை வா வா என்று அழைப்பது சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது. கடி வாங்காமல் இந்தக் கட்டத்தைக் கடக்க முடியாது. “கடிச்சா கையை இழுக்காதீங்க சார், கத்தவும் வேண்டாம், மெதுவா கீழ இறக்கிவிட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கோங்க” என்று தன்னார்வலர் சொன்னது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கண்மணி சுருங்கி விரிவதும், கழுத்துச் சிறகுகள் சிலிர்ப்பதும், உடல் விறைப்பதும் கடிக்கு முந்தைய எச்சரிக்கைகள் என்று கற்றுக்கொடுத்தார்கள். அவற்றைக் கவனித்துக் கையை முன்பே விலக்கப் பழகிய பிறகு கடி வெகுவாகக் குறைந்தது. இரவில் அலகை அரைத்துக்கொண்டே தூங்கத் தொடங்கியதை அவர்கள் நல்ல அறிகுறியாகக் கொண்டார்கள். தலையையும் கழுத்தையும் தவிர வேறெங்கும் வருடக்கூடாது, குகை போன்ற துணித் தொங்கல்களைக் கூண்டில் வைக்கக்கூடாது என்ற இரண்டு அறிவுரைகளும் முக்கியமானவை. இரண்டும் இனப்பெருக்க வேட்கையைத் தூண்டி முரட்டுத்தனத்துக்கும், பெண் பறவையானால் முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்கும் இட்டுச்செல்லும்.

இனிக் குறைகள். பறவையோடு வந்த பழைய கூண்டு துத்தநாகப் பூச்சுள்ள மலிவான கம்பிவலையால் ஆனது. கம்பியை எந்நேரமும் கவ்வி ஏறும் பறவைக்கு அந்தப் பூச்சு உள்ளே போனால் நஞ்சு. சமையலறைப் பாத்திரம் வரை விசாரித்தவர்கள் கூண்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒப்படைத்தது எனக்கு வியப்பளித்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டடிக்குக் குறையாத, கம்பிகளுக்கிடையே முக்கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாத, பவுடர் கோட்டிங் செய்த கூண்டை நாங்களே வாங்கி, ஒரே தடிமனான பிளாஸ்டிக் கழிகளை எடுத்துவிட்டுக் கொய்யாக் கிளைகளைப் பொருத்தினோம்.

அதைவிடப் பெரிய குறை, நோய்ப் பரிசோதனை எதுவும் செய்யாமல் கொடுப்பது. கிளியினப் பறவைகளின் அலகையும் சிறகையும் சிதைக்கும் சர்க்கோவைரஸ் தொற்றுக்கும், மனிதருக்கும் பரவி நிமோனியாவை உண்டாக்கக்கூடிய சிட்டகோசிஸுக்கும் பிசிஆர் பரிசோதனைகள் இந்தியாவிலேயே கிடைக்கின்றன. பல வீடுகளின் பறவைகள் ஒரே பராமரிப்பாளரின் அறையில் தங்கிச் செல்லும் அமைப்பில் இவற்றைக் கட்டாயமாக்குவதே முறை. பொருளாதாரக் காரணம் சொல்கிறார்கள். அந்தச் செலவைத் தத்தெடுப்பவரிடம் வாங்கிக்கொள்ளலாமே. வேறு பறவைகள் வைத்திருப்பவர்கள் குறைந்தது முப்பது நாட்களேனும் தனி அறையில் வைத்துப் பரிசோதித்த பிறகே சேர்க்கவேண்டும். எங்கள் வீட்டில் வேறு பறவை இல்லை. எனினும் பரிசோதனைகளைச் செய்து, அதே சமயத்தில் இறகை மரபணுச் சோதனைக்குக் கொடுத்துப் பாலினத்தையும் அறிந்துகொண்டோம். தோற்றத்தை வைத்து ஆண், பெண் கண்டறிய இயலாத இனம் இது. நாய், பூனைகளைப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் கிளியைப் பார்ப்பதில்லை என்பதால், பறவை வருவதற்கு முன்பே மருத்துவரைத் தேடி வைப்பது நல்லது.

மற்றொரு குறையும் உண்டு. பராமரிப்புக் கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பகலில் பறவையோடு இருப்பவர் என் தாயார்; அவருக்காக அதைத் தமிழில் எழுதிக் கூண்டருகே ஒட்டவேண்டியதாயிற்று. தத்தெடுப்பவர் ஒருவர், உண்மையில் வளர்ப்பவர் இன்னொருவர் என்பது நம் குடும்பங்களில் இயல்பு. படிவத்தில் அதற்கொரு கேள்வியைச் சேர்த்தால் போதும்.

ஒப்படைத்ததோடு அவர்கள் விலகிக்கொள்வதில்லை. முதல் மாதங்களில் எடைக்குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். தீபாவளிக்கு முன் தாங்களே அழைத்து, வெடிச்சத்தத்தில் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் மோதிக்கொள்ளாதிருக்கச் சிறு விளக்கொன்றை எரியவிடுங்கள், தெருப்பக்கச் சன்னலை மூடுங்கள் என்று நினைவூட்டினார்கள். பறவையை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது, முடியாத நிலை வந்தால் குழுவிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடிய உயிருக்கு அந்த நிபந்தனை தேவையானதே. பறவைக்கு விலை ஏதுமில்லை. போக்குவரத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை கேட்டார்கள், அதற்கு ரசீதும் உண்டு. தத்தெடுத்தவர்கள் வெளியூர் செல்லும்போது பறவையைத் தங்கவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் இடம் குறைவு. பொங்கலுக்கு ஊருக்குச் செல்பவர்கள் மார்கழி பிறக்கும்போதே சொல்லிவைத்துவிட வேண்டும். தங்கவைக்கும் அறையிலுள்ள மற்றப் பறவைகளுக்குப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.