ஹைலக்ஸில் லாக்கர் போட்டு ஐந்து வருடம்: மச்சானுக்கு ஒரு பதில்

மொண்ட்ரியாலில் இருக்கும் மச்சான் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, பழைய பிக்கப் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. பனிக்காலம் வரப்போகிறது. உங்கள் வண்டியில் இருக்கிற மாதிரி பின்னால் லாக்கர் போடட்டுமா?" அவன் கேட்ட நேரத்தில் என் வண்டி பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் ஜாக்கி மேல் நின்றது. பின் டிஃப்ரன்ஷியலை, அதாவது எஞ்சின் விசையைப் பின் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கர அமைப்பைத் திறந்துவைத்து, அந்த இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வண்டி பலருக்கும் தெரிந்ததுதான். டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106 பிக்கப், 2.8 லிட்டர் டீசல், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், கையால் திருப்பிப் பூட்டுகிற முன் ஹப். பாலிக் புலாவ் மலைச்சரிவில் மாமனாரின் டுரியான் தோட்டத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன். சிமெண்டுப் பாதை முடிந்த பிறகு ஒரு 300 மீட்டர் செம்மண் ஏற்றம் இருக்கிறது. நடுவில் மரவேர், இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம்.

அந்த 300 மீட்டருக்காகத்தான் 2020 கடைசியில் லாக்கர் வாங்கினேன். டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே பொருத்துகிற தானியங்கி வகை. கம்பிரசர், சுவிட்ச் எதுவும் வேண்டாம். கூலி சேர்த்து 2,000 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது. சுவிட்சை அழுத்தினால் காற்றழுத்தத்தில் பூட்டும் வகைக்கு அதைப்போல மூன்று மடங்கு கேட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒன்று சேற்றில் சும்மா சுற்றினால், அதைச் சுற்றுவதற்கு எவ்வளவு குறைந்த விசை போதுமோ அவ்வளவுதான் மற்றதற்கும் போகும். கெட்டி மண்ணில் நிற்கிற சக்கரம் அசையாது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும்படி ஃபோர் வீல் போட்டாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். லாக்கர் போடுவதற்கு முந்திய பருவத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஏழு கூடைப் பழத்தோடு, இடது பின் சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்க, அப்படி மாட்டிக்கொண்டேன். கூடைகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்துதான் இறக்கினோம்.

லாக்கர் போட்ட பிறகு அதே இடம், அதே பள்ளம். சக்கரம் தொங்கியது. பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். லோ கியரில் காலைக்கூட அழுத்தவில்லை, வண்டி நடந்துபோகிற வேகத்தில் ஏறிவிட்டது. மாமனார் கையில் டார்ச்சோடு மேலே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் சக்கரத்தையே பார்த்தார். அந்த ஒரு காலைக்காகவே கொடுத்த காசு தகும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம் ரோடு.

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அப்போது லாக்கரின் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாண்டும். அந்த "டக் டக் டக்" சத்தத்தை ஒவ்வொரு சந்திப்பிலும், ஒவ்வொரு கார் நிறுத்துமிடத்திலும் ஐந்து வருடமாகக் கேட்கிறேன். சத்தம் பரவாயில்லை, பழகிவிட்டது. பழகாதது வேறு ஒன்று. வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்து எண்ணெய் கொடுத்தால் விசை முழுக்க உள்சக்கரத்துக்குப் போகிறது, வண்டி நேராகப் போகப் பார்க்கிறது. பாதி வளைவில் காலை எடுத்தால் பிடி சட்டென்று மற்ற பக்கம் மாறுகிறது, பின்பக்கம் ஒரு குலுக்கு குலுக்கி ஸ்டியரிங் கையில் அசைகிறது. மாறாத வேகத்தில் வளைவை முடித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் தோட்டத்துக்குப் போகிற மலைரோடான ஜாலான் துன் சார்டோனில் மாறாத வேகத்தில் ஓட்ட யாரால் முடியும்? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஒரு லாரியோ சைக்கிள்காரர்களோ வருவார்கள்.

போன மாதம் நல்ல மழை. அதே ரோட்டில் பாயா தெருபோங் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பாரம் இல்லை, பக்கத்தில் மனைவி. வேகமும் இல்லை. ஒரு வளைவில் முன்னால் போன மோட்டார் சைக்கிள் தயங்க, நான் காலை எடுத்தேன். பின்பக்கம் மெதுவாக, சத்தமே இல்லாமல், மலையை விட்டு விலகி வெளிப்பக்கம் நகர்ந்தது. அரை ஆள் அகலம் இருக்கும். பிறகு பிடித்துக்கொண்டது. மனைவி கைப்பிடியைப் பிடித்த கையை வீடு வரும் வரை எடுக்கவில்லை. மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

மச்சான், உன் கேள்விக்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மற்றது பெரும்பாலும் சும்மா உருண்டுகொண்டிருக்கும். உருள்கிற சக்கரம்தான் வண்டியைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கிறது. லாக்கர் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. வழுக்கினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், பிடித்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. எனக்கு இது மழையில், எப்போதாவது நடக்கிறது. உனக்குப் பனிக்கட்டி உறைந்த ரோடு மாதக்கணக்கில் இருக்கும். ரோட்டின் நடு உயர்ந்து ஓரம் சரிந்திருந்தால், நீ எண்ணெய் கொடுத்ததும் பின்பக்கம் ஓரத்துப் பள்ளத்தை நோக்கி நகரும். தானியங்கி லாக்கர் உனக்கு வேண்டாம். தேவை என்று நீ நினைக்கிற நேரத்தில் அது திறக்காது, பூட்டாது, தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும்.

உன் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். அதைச் செலவு என்று நினைக்காதே, நீ செய்யப்போகிற நல்ல வேலையே அதுதான். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் பொறித்த குறி இருக்கும், நான்கு சக்கரத்துக்கும் அதையே வாங்கு. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும், இது விறைக்காது. லாக்கர் இருக்கிற பிடியைப் பங்குபோடும், அவ்வளவுதான். பிடியை உண்டாக்குவது டயர். பிரேக் போட்டு நிற்கும்போது லாக்கரும் ஃபோர் வீலும் உதவிக்கு வரா. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. 2023-இல் சேற்றுக்கான நல்ல மட் டயர் போட்டு, தோட்டத்து ஏற்றத்தில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பார்த்தேன். முன்பு லாக்கர் "டக்" என்று பூட்டிக்கொண்ட பாதி இடங்களில் அந்தச் சத்தமே கேட்கவில்லை. முதலில் டயரை வாங்கியிருந்தால் லாக்கர் வாங்கியிருப்பேனா என்று இப்போதும் சந்தேகம்தான்.

அதற்கும் மேல் ஏதாவது வேண்டும் என்றால் கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் வகை டிஃப்ரன்ஷியல் பார். மெதுவாகத்தான் பிடிக்கும், திடீர் குலுக்கல் இல்லை. அல்லது காசு சேர்த்து சுவிட்ச் வைத்த லாக்கர் போடு, பனியில் புதைந்தால் மட்டும் அழுத்து. பின் அச்சுக்கு மேலே இரண்டு மூன்று மணல் மூட்டை கட்டிவை. பாரமும் ஆகும், மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு முன்னால் கொட்டவும் ஆகும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலை எடுத்துவிடு.

என் லாக்கரைக் கழற்றிப் பார்த்தபோது பற்களின் ஓரம் மட்டும் லேசாக மழுங்கியிருந்தது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் பசைபோலக் கொஞ்சம் இரும்புத்தூள், ஐந்து வருடத்துக்கு அது ஒன்றுமே இல்லை. மெக்கானிக் பழைய பல்சக்கரங்களைத் துணியில் சுற்றி எடுத்துவைத்திருந்தார். "இதையே திரும்பப் போட்டுவிடவா அண்ணே?" என்றார். துன் சார்டோன் வளைவு கண்முன் இருந்தது, போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜூன் மாதத்து டுரியான் பருவமும் அந்த 300 மீட்டரும் நினைவுக்கு வந்தன. லாக்கரையே போடச் சொன்னேன். இன்னொரு முறை இதை வாங்க மாட்டேன், கழற்றவும் மாட்டேன். மழையில் மனைவி வந்தால் இனி மைவி காரில்தான்.

நீ ஒரு காசும் செலவழிப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படு. அங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பு பழைய ஃப்ரேமையும் பிரேக் குழாயையும் தின்றிருக்கும். சின்னச் சுத்தியலால் ஃப்ரேமை நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போ, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தில் நாலு தட்டு கூடுதலாகத் தட்டு. கணீர் என்று கேட்கிறதா, பொத் என்று கேட்கிறதா என்று எனக்குச் சொல். டயர் கடைக்கு அப்புறம் போகலாம்.