சளிப் பரிசோதனை: சீல்-நீல்சனா, எல்இடி மைக்ராஸ்கோப்பா?

காசநோய்க்கான சளி ஸ்லைடுகளைப் பல வருடம் சீல்-நீல்சன் என்ற சாயமேற்றும் முறையில்தான் பார்த்தேன். ஆய்வகத்துக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்கும் வேலை என்னிடம் வந்தபோது, கிருமியை ஒளிர வைக்கும் ஆரமின் சாயமும், அந்த ஒளிர்வைப் பார்க்க எல்இடி விளக்கு வைத்த மைக்ராஸ்கோப்பும் போதும் என்றேன்.

சீல்-நீல்சன் எல்லோருக்கும் பழக்கமானது. கார்பால் ஃபுக்சினை ஊற்றி ஆவி எழும்வரை சூடாக்கினால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். சாதாரண மைக்ராஸ்கோப் போதும், செலவும் குறைவு.

என்னை மாற வைத்தது கண் சோர்வு. எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பார்க்கும்போது ஒரு ஃபீல்டில், அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டத்தில், அடங்குவது துளியூண்டு இடம். 'கிருமி இல்லை' என்று எழுத 100 ஃபீல்டாவது பார்க்க வேண்டும். முதல் ஸ்லைடில் நூறையும் பொறுமையாகப் பார்ப்போம். பதினைந்தாவது ஸ்லைடில் கண் எரியும். நாற்பதாவது ஃபீல்டிலேயே கை அடுத்ததை எடுக்கப் போகும். சளியில் மில்லிக்கு 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் ஸ்லைடில் சிக்கும். அப்படிச் சிக்கியதையும் அசதியில் விட்டுவிட்டால், அந்த நோயாளி இருமிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

ஆரமினில் 200 அல்லது 400 மடங்கே போதும். ஒரே பார்வையில் நிறைய இடம் தெரியும். இருட்டில் மஞ்சள் பச்சையாக மின்னும் குச்சி தானாகக் கண்ணில் படும். பார்க்கும் நேரம் கால் பங்காகக் குறையும், கண்டுபிடிக்கும் திறனும் சுமார் 10% கூடுதல். இதே ஆரமினைப் பார்க்க முன்பு பயன்படுத்திய பாதரச விளக்கு 200, 300 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், இருட்டறையும் வேண்டும். எல்இடிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2011-லேயே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்துவிட்டது.

குறையும் உண்டு. ஒளி மங்கிவிடும் என்பதால் ஸ்லைடை வெளிச்சம் படாமல் மூடி வைத்து அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பின்னணியை இருட்டாக்க ஊற்றும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் கிருமியும் மங்கும். சில சமயம் தூசியும் நாரும்கூட மின்னும். நான் அதிகம் பார்த்தது சளிதான். நிணநீர்க் கட்டி, தண்டுவட நீர் மாதிரிகளுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்குக் கிருமியின் மரபணுவைப் பார்க்கும் மூலக்கூறு பரிசோதனையோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரோ வேண்டும்.

அப்புறம், சந்தேகம் வந்தால் ஆரமின் ஸ்லைடின் மேலேயே சீல்-நீல்சன் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். சீல்-நீல்சன் ஸ்லைடின் மேல் ஆரமின் ஏற்ற முடியாது. அதனால் ஃபுக்சின் பாட்டிலை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.