ரெவல்யூஷனரி வால்யூம் 2: பதினெட்டு தடங்களில் ஒரு ஹார்லெம் குரல்

‘ரெவல்யூஷனரி வால்யூம் 2’ என்ற இந்த ராப் ஆல்பம் கைக்கு வந்தால் முதலில் ‘பெருவியன் கொக்கெய்ன்’ பாட்டைப் போடுங்கள். கொக்கெய்னுக்கு இலை தரும் கோக்கா தோட்டத்துக் கூலியாளின் குரலில் தொடங்குகிறது. அப்புறம் தோட்டத்து முதலாளி, ஆட்சியில் இருப்பவர், கடத்தல்காரர், மாறுவேடப் போலீஸ் என்று ஆளுக்கு ஒரு சரணம். கடைசியில் பேசுபவன் கைதி. ஏழு ராப்பர்கள், ஒரே சரக்கு. போதைப்பொருள் செய்தி என்றாலே கைதானவன் முகத்தை மட்டும் பார்த்துப் பழகியிருந்த நான், இலை பறித்த கையை நினைத்துப் பார்த்தது இந்தப் பாட்டுக்குப் பிறகுதான்.

இதைப் படைத்த ராப்பர் இம்மார்ட்டல் டெக்னிக் பெரு நாட்டில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். அடிதடி வழக்கில் சிறைக்குப் போய், 1999இல் பரோலில் வெளியே வந்தார். ராப் போட்டிகளில் பெயர் வாங்கினார். 2001இல் முதல் ஆல்பத்தைச் சொந்தமாகப் போட்டு, தெருவில் நின்று கையில் கொடுத்து விற்றார். 2003இல் வந்த இந்த இரண்டாவதும் பெரிய கம்பெனிகளின் தயவில் வந்ததில்லை. பெரிய கம்பெனி இல்லாமலும் கேட்க ஆள் கிடைக்கும் என்று தனியாகப் பாடுகிறவர்களுக்கு அவர் நடந்தே காட்டினார். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேகம் அதிகம். முதல் தடவை எனக்குப் பாதி வரிகூடப் பிடிபடவில்லை. வரிகளை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். ‘தி ஃபோர்த் பிராஞ்ச்’ அப்போதுதான் திறந்தது. பத்திரிகைகளை நாம் ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்போம். இவர் அவற்றை அரசாங்கத்தின் நான்காவது கிளை, அதாவது ஆட்சிக்கே ஓர் அங்கம் என்கிறார். சிறையில் இருந்த பத்திரிகையாளர் முமியா அபு-ஜமாலின் குரலும் ஆல்பத்தில் உண்டு.

குறையும் உண்டு. ‘காஸ் ஆஃப் டெத்’ பாட்டில் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிய சந்தேகங்களை நிரூபணமான உண்மை போலச் சொல்கிறார். அங்கே எனக்கு உடன்பாடு இல்லை. இவ்வளவு கவனமாகப் பேசத் தெரிந்தவர் அப்படிச் சறுக்குவது வலிக்கிறது. கெட்ட வார்த்தைகளும் நிறைய. பிள்ளைகள் இருக்கும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

ராப்பர் ஜீன் கிரேயுடன் பாடிய ‘யூ நெவர் நோ’ பாட்டைக் கடைசிக்கு வையுங்கள். அரசியல் பேசிக் கரகரத்த அதே தொண்டை, கைவிட்டுப்போன ஒரு காதலைச் சொல்லும்போது அப்படியே தணிந்துவிடுகிறது. நான் அதை இன்னும் முழுதாக, இடையில் நிறுத்தாமல் கேட்டு முடித்ததில்லை.