'கர்ரி' என்று தேடினால் குதிரையும் வருகிறது: எடிமான்லைன் தளம் எப்படி?

ஆங்கிலச் சொல் ஒன்றின் பூர்வீகம் தெரிய வேண்டுமென்றால் நான் முதலில் திறப்பது எடிமான்லைன்தான். பென்சில்வேனியாவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் என்பவர் தொடங்கி வளர்த்த தளம், காசு கட்டாமலே பார்க்கலாம்.

எழுத்துகள் ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறான சொற்களை இதில் கலக்காமல் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 'கர்ரி' (curry) என்று போட்டுப் பாருங்கள். ஒன்று சாப்பாட்டுக் கர்ரி, நம் 'கறி'யிலிருந்து போனது. இன்னொன்று குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, தோல் பதப்படுத்துவதற்கும் அதே சொல்தான்; அது 'தயார்செய்' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, நம் கறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்புறம் 'கர்ரி ஃபேவர்', அதாவது காக்கா பிடிப்பது. இது சமையலறையிலிருந்து வந்ததல்ல, குதிரை லாயத்திலிருந்து வந்தது! 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பிரெஞ்சுக் கவிதையில் ஃபோவெல் என்று ஒரு குதிரை, பெரிய பதவியில் இருப்பவர்கள்கூட வந்து அதைத் தேய்த்துவிட்டு நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார்கள். அந்தக் குதிரையின் பேர் ஆங்கிலத்தில் 'ஃபேவெல்' ஆகி, பிறகு காதுக்குப் பழகிய 'ஃபேவர்' ஆகிவிட்டது.

குறை என்றால், தமிழ் வரைக்கும் வந்ததும் பதிவு சட்டென்று நின்றுவிடுகிறது. சோற்றுக்கு ஊற்றிக்கொள்வது என்கிற அளவோடு சரி. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறித் துறைமுகத்துக்கு வந்த யவனர் கப்பல்களை அகநானூறு 149 பாடுகிறதே, அங்கே கறி என்றால் மிளகு. இறைச்சிக்கும் கறி, காய்க்கும் கறி என்று நாம் சொல்கிறோம். இவ்வளவு பழைய சொல்லுக்கு ஒரு வரி போதவே போதாது, இதற்குத் தமிழ் அகராதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எடிமான்லைனில் போட்டிருக்கும் ஆண்டையும் பார்த்துப் படியுங்கள். அது சொல் பிறந்த ஆண்டல்ல, ஆங்கிலத்தில் அது எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றின் காலம், பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கலாம்.

உச்சரிப்பும் வாக்கிய உதாரணமும் தேடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழக்கமான அகராதியே நல்லது. மொழிபெயர்ப்பாளர்களும் ஆங்கில ஆசிரியர்களும் இந்தத் தளத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், கைபேசிச் செயலியும் இருக்கிறது.