மூவண்ண மூவாக் நாடா: எதற்கு நம்பலாம், எதற்குப் போதாது

போரும் பஞ்சமும் வெள்ளமும் மக்களை இடம்பெயர வைக்கும்போது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் யாருக்கு உடனே சிகிச்சை தேவை என்பதைக் கண்டறியப் பயன்படும் கருவிகளுள், மேற்கையின் நடுச்சுற்றளவை அளக்கும் மூவண்ண நாடாவைப் போல எளியது வேறொன்றும் இல்லை. மேற்கையின் நடுச்சுற்றளவு என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் (MUAC) சேர்த்து, களப்பணியாளர்கள் இதை மூவாக் டேப் என்றே அழைக்கிறார்கள். யுனிசெஃப்பின் விநியோகப் பிரிவு இதை 50 நாடாக்கள் கொண்ட கட்டுகளாக வழங்குகிறது. வேறு பல நிறுவனங்களும் அச்சிட்டுத் தருகின்றன. மெல்லிய நெகிழித் தாளில், ஒரு முனையில் துளையும் அதை அடுத்து அளவைப் படிப்பதற்கான சிறு சாளரமும் கொண்ட பட்டை, அவ்வளவுதான். குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாக இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஒரு மக்கள்தொகையின் நிலையைக் கணக்கிடும் ஆய்வுக் கருவியாக நிபந்தனைகளோடு மட்டுமே பரிந்துரைப்பேன்.

பயன்படுத்தும் முறை எளிது என்றாலும் அதற்கு ஒழுங்கு உண்டு. குழந்தையின் இடது கையை முழங்கையில் செங்கோணமாக மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவிலுள்ள புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றி, தோலை அழுத்தாமலும் இடைவெளி விடாமலும் சாளரத்தில் தெரியும் அளவை மில்லிமீட்டர் சுத்தமாகப் படிக்க வேண்டும். 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு 115 மி.மீ.க்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. 115 முதல் 125 மி.மீ.க்குள் இருந்தால் மஞ்சள், அதாவது மிதமான குறைபாடு, 125 மி.மீ.யும் அதற்கு மேலும் பச்சை. எடைத் தராசும் உயரப் பலகையும் அட்டவணையும் இல்லாமல், பிறந்த தேதி சரியாகத் தெரியாத குழந்தையையும் இதனால் வகைப்படுத்த முடிகிறது. ஒன்று முதல் ஐந்து வயது வரை மேற்கையின் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை என்பதே இந்த எளிமைக்கு அடிப்படை.

இந்தக் கருவி ஆய்வகத்தில் பிறந்ததன்று, நெருக்கடியில் பிறந்தது. 1960களின் இறுதியில் நைஜீரியாவின் பயாஃப்ரா போரின்போது குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் நிவாரணக் குழுவினர், குழந்தையின் உயரத்தோடு கைச்சுற்றளவை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கோலைப் பயன்படுத்தினார்கள்; குவாக் கோல் என்று அது அறியப்பட்டது. 1970களில் அட்னான் ஷாகிரும் டேவிட் மார்லியும் கோலையே விட்டுவிட்டு, வண்ணமிட்ட பட்டை ஒன்றை முன்வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. இன்றைய நாடா அதன் நேர் வாரிசு. ஆனால் எல்லைகள் இடையில் மாறியிருக்கின்றன என்பதை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். ஷாகிரின் பட்டையில் 125 மி.மீ.க்குக் கீழே முழுவதும் சிவப்பு, 125 முதல் 135 வரை மஞ்சள். கடும் குறைபாட்டுக்கான எல்லையாகப் பின்னர் புழங்கிய 110 மி.மீ.யை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2009இல் 115 மி.மீ.யாக உயர்த்தின. பழைய இருப்பில் கிடக்கும் நாடாவை அப்படியே எடுத்துக் களத்துக்குக் கொண்டுபோனால், ஒரே முகாமில் இரண்டு குழுக்கள் ஒரே நிறத்தைச் சொல்லி வெவ்வேறு குழந்தைகளைக் குறிப்பிடும் நிலை வரும். கிடங்கைச் சோதித்துப் பழைய நாடாக்களை அழித்துவிடுவதைத் தவிர இதற்கு வேறு பாதுகாப்பு இல்லை.

நாடாவின் தலையாய பலம், அது மரண அபாயத்தை நன்றாகச் சுட்டுகிறது என்பதே. வங்காளதேசத்தில் 1980களில் நடந்த நீண்டகாலக் கண்காணிப்புகளும் அவற்றைத் தொடர்ந்த ஆய்வுகளும், குறுகிய காலத்தில் இறக்கும் வாய்ப்புள்ள குழந்தைகளை அடையாளம் காண்பதில் கைச்சுற்றளவு, உயரத்துக்கேற்ற எடை என்ற அளவைவிடச் சிறப்பாகச் செயல்படுவதைக் காட்டின. இந்த நாடா வயதில் இளைய குழந்தைகளையே கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறது என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. இளங்குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள் என்பதால், சிகிச்சைக்கு ஆள் தேர்வதில் அது குறையே அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இதன் விளைவு பெரியது. 1996இல் ஆந்த்ரே பிரியாண்டும் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய, வேர்க்கடலைப் பசையை அடிப்படையாகக் கொண்ட உடனடிச் சிகிச்சை உணவு, குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே குணப்படுத்த வழி திறந்தது. ஆனால் வீட்டிலிருக்கும் குழந்தையை வீடு தேடிப் போய்க் கண்டுபிடிக்க ஒரு கருவி இல்லாவிட்டால் அந்த உணவு கிடங்கிலேயே தங்கியிருக்கும். சமூக அளவிலான சிகிச்சை முறையை ஐ.நா. அமைப்புகள் 2007இல் கூட்டாக ஏற்றபோது, அதைக் களத்தில் சாத்தியமாக்கியதில் இந்தப் பட்டைக்குப் பெரும் பங்கு இருந்தது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது: நாடாவைத் தாயின் கையிலேயே கொடுத்துவிடுவது. நைஜரில் அலிமா என்ற மருத்துவ நிவாரண அமைப்பு நடத்திய ஆய்வுகளில், சிறிது நேரப் பயிற்சி பெற்ற தாய்மார்கள் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறையாத துல்லியத்தோடு தங்கள் குழந்தைகளை வகைப்படுத்தினார்கள். மாதம் ஒருமுறை வரும் பணியாளரைக் காட்டிலும், நினைத்தபோதெல்லாம் அளக்கும் தாய் நோயை முன்னதாகவே பிடித்துவிடுகிறார். குழந்தை மோசமாகும் முன்பே சிகிச்சைக்கு வருவதால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய தேவையும் குறைகிறது. 2020இல் கோவிட் பரவியபோது பணியாளர்கள் குழந்தைகளைத் தொட்டு அளக்க முடியாத பல இடங்களில் இந்த முறை வேகமாக விரிவுபடுத்தப்பட்டது. சிகிச்சைக்கு அனுமதிப்பதையும் மருந்துணவின் அளவையும் பெரிதும் கைச்சுற்றளவைக் கொண்டே தீர்மானிக்கும் எளிய நெறிமுறைகள் காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, தென் சூடான் ஆகிய நாடுகளில் ஒப்பீட்டு ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கின்றன. வசதி குறைந்த சூழலில் செய்யப்பட்ட பொதுச் சுகாதார ஆய்வு, அந்தச் சூழலில் வாழும் தாய்க்கே அதிகாரத்தைக் கைமாற்றிய அரிய எடுத்துக்காட்டாக இதை நான் மதிக்கிறேன்.

மக்கள்தொகை ஆய்வில் நிலைமை சிக்கலாகிறது. கைச்சுற்றளவும் உயரத்துக்கேற்ற எடையும் ஒரே குழந்தைகளைச் சுட்டுவதில்லை. பல நாடுகளில் இரண்டுக்கும் இடையிலான ஒற்றுமை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 2017 இறுதியில் வங்காளதேசத்தின் குதுபாலோங் முகாமில் ரோஹிங்கியா குழந்தைகளிடம் நடந்த கணக்கெடுப்பில், உயரத்துக்கேற்ற எடையின்படி நான்கில் ஒரு குழந்தைக்குச் சற்றே குறைவான விகிதத்தினருக்குக் கடுமையானதும் மிதமானதுமான மெலிவு இருந்தது. கைச்சுற்றளவின்படி கிடைத்த விகிதம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆப்பிரிக்காவின் கால்நடை மேய்க்கும் சமூகங்களிலோ கால்கள் நீண்டும் உடற்பகுதி குறுகியும் இருக்கும் உடலமைப்பு காரணமாக, உயரத்துக்கேற்ற எடை பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். அங்கே நாடா சொல்லும் எண் தாழ்வாக இருப்பதே இயல்பு. ஆகவே ஓர் இடத்தில் எடுத்த மூவாக் விகிதத்தை இன்னோர் இடத்தின் எடை-உயர விகிதத்தோடு ஒப்பிட்டுத் தலைப்புச் செய்தி எழுதுவது தவறு. நாடா மட்டும் கையிலிருந்தால் அந்த எண்ணை அதற்குரிய எல்லைகளைக் கொண்டே படிக்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. உணவுப் பாதுகாப்பை வகைப்படுத்தும் ஐபிசி முறையில் பஞ்சத்துக்கான ஊட்டச்சத்து எல்லை, உயரத்துக்கேற்ற எடையின்படி 30 சதவீதக் குழந்தைகளுக்குக் குறைபாடு இருப்பது. கைச்சுற்றளவின்படி 15 சதவீதம். 2025 ஆகஸ்டில் காசா ஆளுநரகத்தில் பஞ்சம் நிலவுவதாக அறிவிக்கப்பட்டபோது, ஊட்டச்சத்துக்கான சான்று கைச்சுற்றளவிலிருந்தே பெறப்பட்டது. எல்லையைப் பாதியாகத் தளர்த்திவிட்டார்கள் என்று அப்போது எழுந்த குற்றச்சாட்டுக்கு, இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்ற எளிய விளக்கமே பதில். குண்டு விழும் ஊரில் உயரப் பலகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது. நாடா சட்டைப்பைக்குள் போகும்.

துல்லியம் என்று வரும்போது குறை நாடாவிலல்ல, பெரும்பாலும் அதைப் பிடிக்கும் கையில்தான் இருக்கிறது. ஏராளமான குழந்தைகளின் அளவு 125 மி.மீ. எல்லைக்கு அருகிலேயே குவிந்திருப்பதால், அளப்பவர் எல்லோரிடமும் இரண்டு மில்லிமீட்டர் இறுக்கிப் பிடித்தால்கூடக் குறைபாட்டு விகிதம் கணிசமாக ஏறிவிடும். பிசகு ஒரே திசையில் இல்லாமல் தாறுமாறாக இருந்தாலும் சமாதானம் கொள்ள முடியாது. அளவுகளின் பரவல் அகன்று, எல்லைக்குக் கீழே விழும் குழந்தைகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் கூடும். இதனால்தான் நெருக்கடிக் காலங்களில் குழந்தைகளின் ஊட்டச்சத்தைக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் முறையில் பணியாளர்கள் ஒரே பத்துக் குழந்தைகளை இருமுறை அளந்து தங்கள் கையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முடிவில் 0, 5 என்ற கடைசி இலக்கங்கள் அளவுக்கு மீறி வருகின்றனவா என்றும் பார்க்கப்படுகிறது. இந்தச் சோதனை இல்லாமல் வெளிவரும் மூவாக் விகிதத்தை ஆய்வு முடிவாக ஏற்க நான் தயங்குவேன். மருத்துவ முகாமுக்கு வந்த குழந்தைகளை மட்டும் அளந்து சொல்லும் விகிதமும் அப்படியே. நோயுற்றவர்கள் அதிகம் வரும் இடத்தில் எடுத்த எண், அந்த ஊரின் எண் ஆகாது.

பொருளின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய நாடாவில் கோடுகள் தெளிவாகவும் வண்ணங்கள் பிரிந்தும் தெரிகின்றன. வெயிலிலும் வியர்வையிலும் தொடர்ந்து புழங்கினால் மடிப்பு விழும், வண்ணம் மங்கும், சில வகைகள் நீளும். சுற்றளவு தெரிந்த ஒரு பிவிசி குழாய்த் துண்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் சரிபார்ப்பது நல்ல பழக்கம். ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் நாடாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், விலை அதற்குத் தடையாக இருக்கும் பொருளன்று. வண்ணம் மட்டும் கொண்ட நாடாவைத் தாய்மார்களுக்கும், மில்லிமீட்டர் கோடுகள் கொண்டதைக் கணக்கெடுப்புக் குழுவுக்கும் வாங்குவதே முறை. ஆய்வுக்கு நிறத்தைக் குறிப்பது போதாது. எண்ணைக் குறிக்க வேண்டும்.

நாடா கண்டுபிடிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். இரு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கும் வீக்கம், கைச்சுற்றளவு பச்சையில் இருக்கும்போதே குழந்தைக்கு வந்திருக்கலாம். அது தனியாகவே கடும் குறைபாட்டின் அடையாளம். நாடாவோடு பாதப் பரிசோதனையைச் சேர்க்காத எந்தப் பயிற்சியும் அரைகுறைதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த நாடாவின் நிறங்கள் பொருந்தாது என்பதைப் பயிற்சியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்கு வழி இல்லாத இடத்தில் நாடாவை மட்டும் கொண்டுபோய் அளப்பதை நான் ஏற்கவில்லை. சிவப்பு என்று தாயிடம் சொல்லிவிட்டு, அனுப்ப ஒரு மையமும் கொடுக்க ஒரு பொட்டலமும் இல்லாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பும் ஆய்வுக்கு அறநெறிக் குழுக்கள் எளிதில் ஒப்புதல் தரக்கூடாது. நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் தரநெறிகள், கடும் குறைபாட்டுச் சிகிச்சை முகாம்களில் 90 சதவீதத்துக்கும், நகரங்களில் 70 சதவீதத்துக்கும், கிராமப்புறங்களில் 50 சதவீதத்துக்கும் மேலான குழந்தைகளைச் சென்றடைய வேண்டும் என்கின்றன. அந்தச் சென்றடைவுக்கான உணவும் ஆளும் உறுதியான பிறகே நாடாக்களுக்கு ஆணை கொடுங்கள். கொடுக்கும்போது தேவைக்கு மேலாகவே கொடுங்கள், ஏனெனில் தாய்மார்களிடம் போகும் நாடாக்கள் திரும்பி வரப்போவதில்லை, வரவும் வேண்டியதில்லை.